பூந்தமல்லிக் கல்லறையில் ஆயா இல்லை

அருள்,

காலையில் நீ அனுப்பியிருந்த செய்தியைப் பார்த்தேன். "அம்மா, ஆயாவோட வருஷ நினைவுக்கு மாமா பூந்தமல்லியில கல் வெச்சிருக்கார். என்னைத்தான் திறந்து வைக்கச் சொல்றார். வரேன்னு சொல்லிட்டேன். நீயும் வந்து எல்லார் முன்னாடியும் மாமாகிட்ட ஒரு சாரி சொல்லிடு. ரெண்டு வீடும் பேசாம இருந்தது போதும்மா." அதற்குக் கீழே கைகூப்பும் பொம்மை ஒன்று. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். உங்கப்பாதான் வந்து அடுப்பை அணைத்தார்.

உடனே உன்னைக் கூப்பிட்டுத் திட்டத்தான் கை போனது. ஆனால் போனில் பேசினால் நான் கத்துவேன். நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். நான் கத்தினது மட்டும்தான் உன் மனதில் நிற்கும். ஏற்கெனவே ஒரு முறை அப்படித்தான் ஆனது. அதனால் தாளை எடுத்துவைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார். எழுதி முடித்ததும் நானே படம் பிடித்து அனுப்புகிறேன்; கோணலாக இருந்தால் போனைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொள். ஜெர்மனியிலிருந்து விமானம் ஏறுவதற்கு முன்னால் முழுவதையும் படித்துவிட வேண்டும். இதில் இருக்கிற ஒரு விஷயத்தை நான் இதுவரை உங்கப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஆயாவை, என் அம்மாவை, அடக்கம் செய்த அன்றைக்கு நீ எதைப் பார்த்தாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு லீவு கிடைக்கவில்லை, மாமா மகள் சூசன் போனைத் தூக்கிப் பிடித்து உனக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். மண்ணூர்பேட்டையில் நம் வீட்டு வாசலில் ஆயாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தாய். கோயிலில் பூசை பார்த்தாய். அப்புறம் பூந்தமல்லிக் கல்லறைத் தோட்டத்து கேட். அங்கே உன் அம்மா தலைமுடி அவிழ்ந்து, இரண்டு கையையும் விரித்து, சவப்பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, "யாரும் உள்ள எடுத்துகினு போவக் கூடாது" என்று அலறிக்கொண்டிருந்தாள். மாமா கையை ஓங்கினான். போன் கீழே சாய்ந்தது. கொஞ்ச நேரம் மண்ணையும் செருப்புகளையும் பார்த்திருப்பாய். அதோடு கட் ஆகிவிட்டது. மிச்சத்தை மாமா உனக்குச் சொன்னான். பெற்ற தாயின் பிணத்தை நடுரோட்டில் நிறுத்தி ரகளை செய்தவள் என்றுதானே சொன்னான்? பொய்யில்லை. அப்படித்தான் செய்தேன். ஏன் செய்தேன் என்று நீ ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலிக்கிறது.

உனக்குக் கல்லறை விவகாரமெல்லாம் தெரியாது, அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம்மவர்களுக்கு இங்கே புதைக்க இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆளுக்கொரு குழி என்பதெல்லாம் பழைய காலம். குடும்பத்துக்கு ஒரு குழி இருந்தால் அதிர்ஷ்டம். போதுமான வருடங்கள் கழிந்ததும் அதையே திறப்பார்கள். உள்ளே மிஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டி, குழியின் ஒரு மூலையில் வைத்துவிட்டுப் புதிய பெட்டியை இறக்குவார்கள். நம் குடும்பக் குழி பூந்தமல்லியில் இருக்கிறது. முதலில் அதில் போனவர் உன் தாத்தா, என் அப்பா. அவருக்குப் பின்னால் அவரைப் பெற்ற சூசையம்மா, அதாவது ஆயாவின் மாமியார். மூன்றாவதாக ஆயாவை அதில் இறக்கத்தான் மாமா திறந்து வைத்திருந்தான்.

ஆயாவை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உன்னை வளர்த்ததே அவள்தான். ஆனாலும் நீ பார்த்தது ரிட்டயர் ஆன ஆயாவை. நான் பார்த்தது வேறு. அப்பா போனபோது அவளுக்குச் சின்ன வயது. மாமா எட்டாவதோ ஒன்பதாவதோ, நான் அதற்கும் கீழே. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்குக்குப் போனாள். தைத்து வருகிற சட்டைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலையெல்லாம் குட்டிக் கத்தரியால் வெட்டுகிற வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே. அந்தப் பழக்கம் அவளைக் கடைசிவரை விடவில்லை. எவர் பக்கத்தில் வந்து நின்றாலும் அவள் கண் முகத்துக்குப் போகாது, சட்டைத் தையலுக்குத்தான் போகும். உன் முதல் நற்கருணை அன்று, ஃபாதரின் அங்கியில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து எடுத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? நீ வெட்கப்பட்டு என் பின்னால் ஒளிந்துகொண்டாய்.

ஒற்றை அறையும் சமையற்கட்டும்தான் அப்போது நம் வீடு. அறையில் இருந்த ஒரே கட்டில் சூசையம்மாவுக்கு. நாங்கள் மூவரும் தரையில். பிறகு எனக்குக் கல்யாணமாகி, உங்கப்பா இந்த வீட்டை வாங்கி, அவளை இங்கே கூட்டி வந்த பிறகும் ஹாலில் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில்தான் படுத்தாள். உன் அறையை எடுத்துக்கொள் என்றால் "படிக்கற புள்ளைக்கு எடைஞ்சலா?" என்பாள். அந்த ஃப்ரிட்ஜ் சத்தத்தில் எப்படித் தூங்கினாளோ. சாகும்வரை அவளுக்கென்று ஒரு கதவு இருந்ததில்லை. இதை எழுதும்போதே எனக்கு அழுகை வருகிறது. வரட்டும்.

அவள் அடிக்கடி சொல்கிற ஒரு பேச்சு உனக்கும் தெரியும். கல்லறைத் திருநாளுக்கு ஒவ்வொரு வருடமும் பூந்தமல்லிக்குப் போய்ச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவோம். மாமா பயபக்தியாக முழங்கால் போட்டிருப்பான். ஆயா கையைத் துடைத்துக்கொண்டே, "அய்யே, செத்தும் எங்க மாமியார்கூட குப்பை கொட்ட முடியாதுடா சாமி. என்னை இங்க கொண்டாந்து போட்டுடாதீங்க" என்பாள். எல்லாரும் சிரிப்போம். மாமாதான் முதலில் சிரிப்பான். "உள்ள போயும் சண்டை போடுவீங்களாம்மா?" என்பான். "அது போடும், நான் எங்கடா போட்டேன்?" என்பாள். கல்யாண வீட்டில், பக்கத்து வீட்டில், கம்பெனிச் சிநேகிதிகளிடம், எங்கேயும் இதே பேச்சுதான். சொல்லிச் சொல்லி அது நம் குடும்பத்து ஜோக் ஆகிவிட்டது. நீகூடப் பள்ளிக்கூட நாடகத்தில் வருகிற மாதிரி அதை நடித்துக் காட்டுவாய்.

நம் பங்குக் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில், இங்கே அம்பத்தூர்ப் பக்கம், சுவர்க் கல்லறை கட்டினார்கள். அலமாரி மாதிரி அடுக்கடுக்காக அறை. பெட்டியை உள்ளே தள்ளி முகப்பைக் கல்லால் மூடிவிடுவது. யாரோ ஒருவர் அடக்கத்துக்குப் போனபோது ஆயா அந்தச் சுவர்ப் பக்கம் போனாள். காலியாக இருந்த ஓர் அறைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். விரல் முட்டியால் சிமெண்டைத் தட்டிப் பார்த்தாள். "நல்லா கட்டிக்கீறான். மழைத்தண்ணி எறங்காது. தனி ரூமு" என்றாள். என்னைப் பார்த்து, "எனக்கு இதுல ஒண்ணு சொல்லி வெச்சிடு. மேல் வரிசை வேணாம், வரவங்களுக்குக் கழுத்து வலிக்கும். நடு வரிசையா பாரு" என்றாள். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அப்போதிருந்த ஃபாதரிடம் அவளே போய்ச் சொன்னாள். அவரும் சரி என்றார். பிறகு அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஆயாவுக்கு மூச்சு அடங்கிய காலையில் மாமாவிடம் நான் சொன்னேன்: "அண்ணா, அம்மா கேட்ட மாதிரி நம்ம பங்குலயே வெச்சிடலாம். அந்தச் சுவர்ல." அவன் என் தோளைத் தட்டி, "நீ அழாம கீறியா? நான் எல்லாம் பாத்துக்கறேன்" என்றான். நான் நம்பினேன். என் தப்பு அங்கேதான். பார்த்துக்கொள்கிறேன் என்று ஒருவர் சொன்னால், எதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று கேட்க வேண்டும். நீயும் கேள். துக்க வீட்டில் கேட்கக் கூச்சமாக இருக்கும், இருந்தாலும் கேள். நான் பெட்டி, பூ, சொந்தக்காரர்களுக்குக் காப்பி என்று ஓடிக்கொண்டிருந்தேன். அவன் பூந்தமல்லிக்கு ஆள் அனுப்பிக் குழியைத் திறக்கச் சொல்லியிருக்கிறான்.

கோயிலிலிருந்து வண்டி கிளம்பியது. நானும் பெண்கள் சிலரும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம். பெட்டி மேல் விரித்த வெள்ளைத் துணியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அவள் பார்த்தால் விடமாட்டாளே என்று அதைக் கடித்து எடுத்தேன். தலை நிமிர்ந்து பார்த்தால் எஸ்டேட்டைத் தாண்டி வண்டி வேறு பக்கம் திரும்பியிருந்தது. நம் கல்லறைத் தோட்டத்துக்கு அந்த வழி கிடையாது. டிரைவரைக் கேட்டேன். "பூந்தமல்லிதானேம்மா? அண்ணாத்தே அப்படித்தான் சொன்னாரு" என்றார். மாமா பைக்கில் முன்னால் போய்க்கொண்டிருந்தான். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. மறுபடி மறுபடி கூப்பிட்டேன். வண்டியைத் திருப்புங்கள் என்றேன். பின்னால் சொந்தக்காரர்கள் வந்த வேன், அதற்குப் பின்னால் ஃபாதரின் கார், "நடுவுல எப்படிம்மா திருப்பறது?" என்றார். மெட்ரோவுக்கு ரோட்டை அடைத்து வைத்திருந்த இடத்தில் வண்டி மாட்டிக்கொண்டு ஊர்ந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் நான் துக்கத்தில் புலம்புகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவினார்கள். நான் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "இல்லம்மா, இல்லம்மா, உட மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

கேட் வந்ததும் எல்லாருக்கும் முன்னால் குதித்து இறங்கினேன். அதற்கப்புறம் நடந்ததைத்தான் நீ போனில் பார்த்தாய். போன் சாய்ந்த பிறகு நடந்ததைச் சொல்கிறேன்.

"இன்னாடி, பைத்தியமா பிடிச்சிக்கினு கீது உனக்கு?" என்றான் மாமா. "அப்பா கீற எடத்துல அம்மாவை வெக்கறதுக்கு யாரைக் கேக்கணும் நான்?"

"அம்மா வேணாம்னு சொன்னாங்கண்ணா."

"அவங்க வெளையாட்டா சொன்னதை வெச்சிகினு இங்க மானத்தை வாங்கறியா?"

"வெளையாட்டு இல்ல."

"அப்ப இன்னா? இன்னா காரணம்? எல்லாரும் கீறாங்க, ஃபாதர் கீறாரு. சொல்லு."

ஃபாதரும் என்னைப் பார்த்து, "சொல்லுங்கம்மா" என்றார். புதிதாக வந்தவர், பாவம், தீர்த்தச் செம்போடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உங்கப்பா தண்ணீர் பாட்டிலைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார், யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல். நான் வாயைத் திறந்தேன். சொல் தொண்டைவரைக்கும் வந்துவிட்டது. அப்போதுதான் மாமாவின் கையைப் பார்த்தேன். மணிக்கட்டுவரை மண். அவன் காலடியில், கையோடு தூக்கி வந்திருந்த வெள்ளைத் துணி மூட்டை. வெட்டியான் கட்ட வேண்டியதை, எங்கள் வண்டி ஊர்ந்து வருவதற்குள் அவனே குழிக்குள் இறங்கிப் பொறுக்கி, அவனே கட்டியிருக்கிறான். அவனுடைய அப்பாவும் அவனுடைய ஆயாவும் அந்த மூட்டைக்குள். நான் வாயை மூடிக்கொண்டேன். "அம்மா சொன்னாங்க. அவ்ளோதான்" என்றேன்.

அருள், நான் விழுங்கினது இதுதான்.

சூசையம்மா படுத்த படுக்கையாக இருந்த காலம். ஆயா கம்பெனிக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் அவளைத் துடைத்து, துணி மாற்றி, ஊட்டிவிட்டாள். முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கஞ்சிக் கிண்ணத்தோடு அறை வாசலில் நின்றேன். ஆயா ஈரத்துணியால் மாமியாரின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மா சுவரைப் பார்த்தபடியே பேசினாள். "என்னை எம்புள்ளை குழியில வையி. நீ அங்க வராத. நீ இந்த ஊட்டுக்கு வந்துதான் அவன் போனான். செத்த பெறகாவது அவனை உட்டுடு. உனக்கு அங்க எடம் இல்ல."

ஆயாவின் கை ஒரு நொடி நின்றது. அப்புறம் மறுபடியும் துடைத்தது. "சரிங்கத்தை" என்றாள். அவ்வளவுதான். திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள். விரலை உதட்டில் வைத்தாள். அந்த நேரம் மாமா வெளியிலிருந்து வந்து, "ஆயா இன்னாம்மா சொல்லுது?" என்று கேட்டான். உன் ஆயா சிரித்துக்கொண்டே, "உன்னைத்தாண்டா கேட்டுகினு கீது, போய்க் கிட்ட உக்காரு" என்றாள்.

சூசையம்மாவுக்கு மாமா என்றால் உயிர். அப்பா போன பிறகு அவனைத்தான் மகனாக நினைத்துக்கொண்டாள். தன் தட்டில் விழுகிற மீனை அவன் தட்டில் வைப்பாள். அவனுக்குக் காய்ச்சல் என்றால் இவள் சாப்பிட மாட்டாள். அவனும் அப்படித்தான். தன் மகளுக்கு அவள் பெயரைத்தான் சூசன் என்று வைத்திருக்கிறான். அந்த அம்மா கெட்டவள் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தவள், யார் மேலாவது பழி போட்டால்தான் மூச்சு விட முடியும் என்று இருந்திருக்கிறாள். அதற்கு மருமகள் அகப்பட்டாள். இதெல்லாம் இப்போது புரிகிறது. அன்றைக்கு அந்தக் கஞ்சிக் கிண்ணத்தை அவள் மேல் கொட்டலாமா என்றுதான் நினைத்தேன்.

அந்த அம்மாவை அடக்கம் செய்த அன்று, மாமா குழி ஓரத்தில் நின்று அழுதபடி, "ஒருநாள் நீயும் இங்கதாம்மா, எல்லாரும் ஒண்ணா இருக்கலாம்" என்றான். அப்போதுதான் ஆயா முதன்முதலில் அதைச் சொன்னாள். அய்யே, செத்தும் உங்க ஆயாகூட குப்பை கொட்ட முடியாதுடா சாமி. அழுதுகொண்டிருந்த பையன் பக்கென்று சிரித்துவிட்டான். அவன் தலையைத் தடவிக்கொண்டே ஆயா என்னைப் பார்த்தாள். இடமில்லை என்று சொன்ன வீட்டுக்கு அவள் போக மாட்டாள். ஏன் என்று பிள்ளைக்குத் தெரியவும் கூடாது. அதற்காக வாழ்நாள் முழுக்க அதை ஒரு ஜோக்காக்கிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்டில் நின்ற என்னால் அதைப் போட்டு உடைக்க முடியுமா, சொல்? கையில் அந்த எலும்புகளின் மண்ணோடு நிற்கிறவனிடம், உன் ஆயா உன் அம்மாவை இப்படிச் சொன்னாள் என்று சொல்வதற்கு எனக்கு வாய் வருமா? அதனால் காரணம் சொல்லாமல் கத்தினேன். காரணம் சொல்லாமல் கத்துகிறவளைப் பைத்தியம் என்றுதான் சொல்வார்கள்.

மாமா ஓங்கின கையை இறக்கினான். அந்த நேரத்தில் பின்னாலிருந்து செல்வி அக்கா வந்தார். ஆயாவோடு கம்பெனியில் வேலை பார்த்தவர், கைத்தடியோடு வந்திருந்தார். "எங்கிட்டயும் சொல்லிக்கீது. சோத்து டப்பாவைத் தொறந்தா இதே பேச்சுதான். நாங்க சிரிச்சிகினு இருந்தோம்" என்றார். பக்கத்து வீட்டம்மா, "ஆமா, எங்கிட்டகூட" என்றார். கடைசியில் மாமாவின் மனைவி, என் அண்ணி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "எங்கிட்டயும் சொன்னாங்கங்க, உங்களுக்கும் தெரியும்" என்றாள். சிரிப்பாகக் கேட்டதையெல்லாம் ஒவ்வொருவராகச் சிரிக்காமல் சொன்னார்கள். கேட்டுக்கொண்டிருந்த ஃபாதர் மாமாவின் தோளில் கை வைத்து, "இத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்காங்களே, ஐயா" என்றார். பங்குக் கோயிலுக்குப் போன் செய்தார். சுவரில் இடம் இருந்தது.

மாமா என்னைப் பார்க்காமலே, "எடுத்துகினு போ. உங்கம்மாதானே, எடுத்துகினு போ" என்றான். அவன் எங்களோடு வரவில்லை. பெட்டியை மறுபடி வண்டியில் ஏற்றி, வந்த வழியே திரும்பினோம். நடு வரிசை நிரம்பியிருந்தது. கீழ் வரிசைதான் கிடைத்தது. கொத்தனார் கல்லை வைத்துச் சிமெண்ட் பூசினார். சுவர் ஆனதால் பெட்டி மேல் மண் போடுவதும் இல்லை. எல்லாரும் ஆளுக்கொரு பூ வைத்தோம். மாமா என்ன செய்தான் என்று சூசன் பிறகு சொன்னாள். எல்லாரும் போன பின் அந்த மூட்டையைத் தானே குழிக்குள் இறக்கினான். ஒரு பிடி மண் எடுத்து அம்மாவுக்கென்று அந்தக் காலிக் குழியில் போட்டான். "மூடிடுங்க" என்றான். அவன் என்னை அடித்திருந்தாலும் பரவாயில்லை.

அந்தக் குழியின் மேல்தான் இப்போது கல் வைத்திருக்கிறான். சூசையம்மா, அப்பா, அவர்களுக்குக் கீழே லூர்து மேரி என்று ஆயா பெயர். உன் செய்திக்கு முன்பே அண்ணி சொல்லித் தெரிந்தபோது எனக்குத் தலைக்கேறியது. வரமாட்டேன் என்றவளின் பெயரை வெட்டி வைத்திருக்கிறானே, கடப்பாரையோடு போகிறேன் என்று கத்தினேன். உங்கப்பா அதற்கப்புறம் பைக் சாவியை மறைத்து வைத்துவிட்டார், எனக்குப் பைக் ஓட்டவே தெரியாது என்பதை மறந்து. இப்போது கோபம் இறங்கிவிட்டது. அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்ற அவனுக்கு ஓர் இடம் வேண்டும். சுவர்ப் பக்கம் வர அவனுக்கு மானம் தடுக்கிறது. எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

சாரிதானே? சொல்கிறேன். நானும் பூந்தமல்லிக்கு வருகிறேன். கத்தினதற்கு, துக்கத்தில் இருந்தவனை நாலு பேர் முன்னால் நிறுத்தினதற்கு, அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்கிறேன். காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன், என் அண்ணன்தானே. ஆனால் பெட்டியைத் தடுத்ததற்குக் கேட்க மாட்டேன். நீ சொன்னாலும் மாட்டேன். ஊரெல்லாம் என்னைப் பைத்தியம் என்று சொல்லட்டும், தாங்கிக்கொள்வேன். நீ அப்படி நினைத்துக்கொண்டு என் பக்கத்தில் நிற்பதைத்தான் என்னால் தாங்க முடியாது. அதற்காகத்தான் உனக்கு மட்டும் சொன்னேன். இது இனி உன்னோடு இருக்கட்டும். மாமாவுக்குப் போகக் கூடாது. சூசனுக்கும் போகக் கூடாது. அந்தப் பெயரோடு அவள் இன்னும் ரொம்ப நாள் வாழ வேண்டும்.

நீ போய்க் கல்லைத் திறந்து வை. தாத்தா பெயருக்குப் பூ வை. சூசையம்மா பெயருக்கும் வை, குறை வைக்காதே. ஆயா பெயருக்கு வைப்பதும் வைக்காததும் உன் இஷ்டம். அவள் அங்கே இல்லை. நான் சாரி சொன்னதும் மாமா விடமாட்டான். "அப்படி இன்னாதான்டி காரணம்?" என்று எல்லார் முன்னாலும் மறுபடி கேட்பான். நான் தலையைக் குனிந்துகொள்வேன். அப்போது அவன் உன் பக்கம் திரும்புவான். நீ படித்தவன், உன்னிடம் நியாயம் கேட்பான். உன் முகத்தில் ஒன்றும் தெரியக் கூடாது, அருள். ஆயா செய்ததையே செய். "செத்தும் மாமியார்கூட குப்பை கொட்டணுமா மாமா, பாவம் ஆயா" என்று சொல்லிச் சிரி. அவள் சொல்கிற மாதிரியே சொல், உனக்குத்தான் நன்றாக வருமே. அதைக் கேட்டால் மாமாவால் சிரிக்காமல் இருக்க முடியாது. எப்போதும் இருந்ததில்லை.

அவன் சிரித்ததும் கையைப் பிடித்துக்கொள். விடாதே. அப்படியே வண்டியில் ஏற்றி அம்பத்தூருக்குக் கூட்டி வா. கீழ் வரிசை, தரையில் உட்கார்ந்துதான் ஆயாவைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. அவனுக்கு முட்டி வலி. நான் ஒரு மணைக்கட்டை எடுத்து வருகிறேன்.

அம்மா